இழவு வீட்டில் ஒரு கதைப் புத்தகம்

ஆனி 6, வெள்ளி

காலையிலிருந்து சாரல். எதுவும் காயவில்லை. வந்து தங்கியவர்களுக்குக் கொடுத்த போர்வை எல்லாம் ஈர வாடை. மாடியில் தகரத்துக்கு அடியில் கொடி கட்டச் சொன்னேன் மகன் குமாரிடம். கட்டினான். இரண்டு தடவை அவிழ்ந்து விழுந்தது. பெங்களூரில் முடிச்சுப் போடும் வேலை இல்லை போல.

அவர் போய் இன்றோடு ஐந்து நாள். எழுதினால் அது நிஜம் என்ற நம்பிக்கை வரும் என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் கடையில், மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்த மேஜையிலேயே தலையைச் சாய்த்திருக்கிறார். தூங்குகிறார் என்று பக்கத்து டீக்கடைக்காரர் எழுப்பாமல் விட்டாராம்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அறைக்கு வந்தேன். தலையணை உறைக்குள் வைத்திருந்த லைப்ரரி புத்தகத்தை எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து மூன்று பக்கம். கண் எழுத்தில் நின்றது. இந்த ஐந்து நாளில் கண் எங்கேயாவது நின்றது இப்போதுதான்.

கதவு திறந்தது. கோமதி மதினி. அவருடைய அக்கா. கடையநல்லூரில் இருந்து வந்து, பதினாறு முடியும் வரை இங்கேதான்.

"என்னட்டி செய்யுத?"

"படிக்கேன்."

"என்னத்த?"

"கதை."

சாம்பாரில் பல்லியைக் கண்டதுபோல ஒரு பார்வை.

"என் தம்பி எரிஞ்ச சாம்பல் ஆறல. நீ கதையா படிக்க?"

ஆறிவிட்டது. புதன்கிழமையே சிற்றாற்றில் கரைத்தாயிற்று. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனாள். நான் நாலாவது பக்கம் படித்தேன்.

ஆனி 7, சனி

சாரல். கரண்ட் போய்ப் போய் வருகிறது. பால் இரண்டு பாக்கெட் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பந்தல்காரர் நாற்காலி எடுக்க இன்னும் வரவில்லை.

துக்க வீட்டில் செய்யலாம்: டிவி சீரியல் (சத்தம் குறைத்து). போன் (எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்). யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்ற பேச்சு. பாகப்பிரிவினைப் பேச்சு. பண்பொழிக்காரர் (அவர் வழியில் சொந்தம்) இன்று காலையில் ஹாலில் வைத்தே பேசினார், யாரும் வாயை மூடச் சொல்லவில்லை. தூக்கம், குறட்டையோடு.

செய்யக்கூடாது: கதைப் புத்தகம்.

இதை யார் எழுதி வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "நல்லாவா இருக்கு?" என்பதுதான் சட்டம், அதுதான் தீர்ப்பும்.

இன்று சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் புத்தகம் வரும் நாள். மத்தியானம் பைக் சத்தம் ஏதாவது கேட்டால் எழுந்திருக்கிறேன். சத்தம் எல்லாம் குத்துக்கல்வலசை மெயின் ரோட்டில் போகிறவர்களுடையது.

நான் பத்திரம் எழுதும் ஆபீசில் டைப்பிஸ்ட். முப்பது வருஷம் கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நஞ்சை, வடக்கே பொதுப்பாதை என்று அடித்துக்கொண்டிருந்தவள். ஆபீஸ் விட்டு வருவதற்குள் லைப்ரரியில் விளக்கை அணைத்துவிடுவார்கள். அவருடைய மோட்டார் ரிப்பேர் கடை லைப்ரரி தெருவிலேயே இருந்தது. "நான் எடுத்துட்டு வாரேன், உனக்கு என்ன வேணும்?" என்றார். "எதுனாலும் கொண்டாங்க" என்றேன். கல்யாணமான புதுசு. அப்படியே நின்றுவிட்டது. நான் வேலையை விட்ட பிறகும் மாற்றவில்லை. கார்டும் அவர் பேரில்தான்.

அவர் ஒரு பக்கம் படித்தவர் இல்லை. புத்தகத்தை எடுத்ததும் பின்பக்கம் புரட்டுவார். தேதி முத்திரை போடும் சீட்டு ஒட்டியிருக்குமே, அதைப் பார்ப்பார். முத்திரை நிறைய இருந்தால் திரும்ப வைத்துவிடுவார். யாரும் எடுக்காமல் சீட்டு காலியாகக் கிடந்தால் அதை எடுத்து வருவார்.

"பாவம்ட்டீ, வருசக்கணக்கா ஒருத்தனும் தொடல. நீ படி."

இப்படித்தான் நான் ஊரே கொண்டாடும் புத்தகங்களை விட்டுவிட்டு, ஊர் கைவிட்ட புத்தகங்களாகப் படித்தேன். பாதி குப்பை. மீதியில் சில, எப்படி இதை எல்லோரும் விட்டார்கள் என்று ராத்திரி எழுந்து உட்காரவைத்தவை. எல்லாவற்றிலும் வார்னிஷ் வாடை. காயிலுக்குப் பூசும் வார்னிஷ் அவர் விரலை விட்டுப் போகவே போகாது.

அவர் சாப்பிட உட்கார்ந்தால் நான் கதை சொல்ல வேண்டும். அது சம்பளம். எத்தனை கதை சொல்லியிருப்பேன்! சில முடிவுகளை மாற்றச் சொல்லிக் கெஞ்சுவார், உலகு என்று என் பேரைச் சொல்லி. "அந்தப் பிள்ளைய மட்டும் கொன்னுராத, உலகு." மாற்றமாட்டேன். எழுதியிருப்பதைத்தான் சொல்வேன். சோற்றைப் பிசைந்துகொண்டே எழுத்தாளரைத் திட்டுவார்.

தலையணைக்குள் இருப்பது அவர் கடைசியாகக் கொண்டு வந்தது. லைப்ரரி பைண்டிங், தலைப்புப் பக்கம் கிழிந்து போயிற்று, பேர் தெரியாது, எழுதினவர் பேரும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாதி வரை சொன்னேன். தங்கம் என்று ஒருத்தி. புருஷனை விட்டு அப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அங்கே மூடிக்கிடக்கும் ரைஸ் மில். அதில் பழைய ஆயில் இன்ஜின். அண்ணன்மார் அதை எடைக்குப் போடப் பார்க்கிறார்கள். தங்கம் ஓட வைத்துக் காட்டுகிறேன் என்று நிற்கிறாள்.

கேட்டதும் அவர் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். "என்னெல்லாம் செஞ்சா? நாசிலக் கழட்டிப் பாத்தாளா?"

"அதெல்லாம் இதுல எழுதல."

"எழுதலையா? எழுதினவனுக்கு இன்ஜினே தெரியாது. எண்ணெய் பீச்சுத நாசில் அடைச்சிருக்கும். கழட்டி ஊதுனா ஓடிரும். ஓடும், பாரு."

"ஓடாது" என்றேன் நான். எழுத்தாளர் இருபது பக்கமாக வானத்தைக் கறுக்க வைத்துக்கொண்டிருந்தார், அந்த நடையிலேயே தெரிந்தது.

"பந்தயம்?"

"பந்தயம். மிச்சத்தப் படிச்சிட்டு நாளைக்குச் சொல்லுதேன்."

நாளைக்கு என்று சொன்னவள் நான். அதனால்தான் படிக்கிறேன்.

இதைக் கோ.மதினியிடம் சொன்னால் இப்போதே அழுதுவிடுவாள். "பாவம்" என்பாள், படிக்க விடுவாள். அதற்காகவே சொல்லமாட்டேன். பந்தயம் இல்லாவிட்டாலும் படித்திருப்பேன். படிக்கிறவள் படிப்பாள். அதற்கு அழுகிற காரணம் ஒன்றைக் காட்டி அனுமதி வாங்க வேண்டுமா?

ஆனி 9, திங்கள்

வெயில் எட்டிப்பார்த்தது, உடனே போய்விட்டது. போர்வை நாலு காய்ந்தது.

பழைய ஆபீசில் இருந்து மூன்று பேர். கூடவே தெரு முனை ரிட்டயர்ட் வாத்தியார். ஒரு பக்திப் புத்தகம் கொண்டு வந்து கொடுத்தார். "இந்த நேரத்துல படிச்சா மனசு அடங்கும்மா." கோ.மதினிக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா, படிக்கணும்னா இந்த மாதிரிப் படி" என்று என் மடியிலேயே வைத்தாள்.

ஆக, படிப்பதில் தப்பில்லை. எனக்குப் பிடித்ததைப் படிப்பதுதான் தப்பு.

மனசு அடங்க நான் படித்ததே இல்லை. அடங்காமல் இருக்கத்தான் படித்தேன். முப்பது வருஷம் அடுத்தவன் நிலத்துக்கு எல்லை அடித்தவளுக்கு எல்லை தாண்ட வேறு வழி என்ன இருந்தது?

பக்திப் புத்தகத்தையும் பத்துப் பக்கம் படித்தேன். அச்சுப்பிழை அதிகம்.

எழுத்தாளர்களைப் பற்றி என் தீர்ப்புகள், யாரும் கேட்கவில்லை: முன்னுரையில் நாலு பேரிடம் பாராட்டு வாங்கிப் போடுகிறவரைக் கடைசியில்தான் படிப்பேன். மழையை மூன்று பக்கம் எழுதுகிறவர் தென்காசியில் ஒரு சாரல் சீசன் இருந்துவிட்டு எழுதட்டும், போர்வை காயவைக்கட்டும். கதாநாயகியைக் கிணற்றில் தள்ளி முடிக்கிறவருக்கு மன்னிப்பு கிடையாது. பசியைச் சரியாக எழுதினவர் எல்லோரும் என் சொந்தக்காரர்.

கடைகளும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் புத்தகக் கடை என்று பெரிய போர்டு, உள்ளே போனால் போட்டித் தேர்வு கைடு, டிக்ஷனரி, ஜாதகம். நாவல் இருக்கா என்றால் "எந்த எக்ஸாமுக்கு?" என்கிறான். குற்றாலத்தில் சீசனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடைகளுக்கு நடுவே ஒருவர் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் போடுவார். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அங்கே உட்கார்ந்துவிடுவேன். "யக்கா, தண்ணி சொட்டுது, தண்ணி சொட்டுது" என்று அவர் கத்துவார். என் வீட்டுக்காரர் என் ஈர முடிக்குக் கீழே துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். வழியில் போகிறவர்கள் சிரிப்பார்கள். நிற்பார், அசையமாட்டார்.

இன்று அதை நினைத்து அழுதேன். ஆபீஸ்காரர்கள் முன்னால் வராத அழுகை. நல்லவேளை, அறையில் தனியாக இருந்தேன். அழட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

ராத்திரி படிக்கவில்லை. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இன்ஜினை ஓட்டிக்காட்டும் நாளுக்குத் தங்கம் ஊரையே கூப்பிட்டிருக்கிறாள். அங்கே நிற்கிறது.

ஆனி 10, செவ்வாய்

புத்தகம் இல்லை.

தலையணை உறை மாற்றியிருக்கிறது. கட்டிலுக்கு அடியில், பீரோவில், துவைக்கிற துணியில், எங்கும் இல்லை. ஹாலுக்கு வந்து கேட்டேன். யாரும் நிமிரவில்லை. குமார்தான் கடைசியில் சொன்னான்.

"லைப்ரரில குடுத்துட்டேம்மா."

"யாரக் கேட்டு?"

"அத்தை சொன்னாங்க. அடுத்தவங்க பொருள் எதுவும் பதினாறுக்கு வீட்டுல இருக்கக்கூடாதாம். கேஸ் ஏஜென்சி சிலிண்டர் ஒண்ணு இருந்துச்சு, அதையும் குடுத்துட்டேன். அப்பா கார்டையும் சரண்டர் பண்ணிட்டேன். ஒரு வேலை முடிஞ்சுதுல்ல."

என் பிள்ளை. கெட்டவன் இல்லை. நான் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன்தான். காரியங்களை வரிசையாக முடித்துக்கொண்டே போனால் துக்கம் முடிந்துவிடும் என்று நம்புகிறான்.

"நான் படிச்சிட்டு இருந்தேம்லே."

"ஆள் வரும்போது மட்டுமாவது ஓரமா எடுத்து வைச்சிருக்கலாம்லம்மா. எல்லாரும் ஒரு மாதிரி பேசுதாங்க. எனக்குத்தான் சங்கடமா இருக்கு."

கோ.மதினி கீரை ஆய்ந்துகொண்டே: "புஸ்தகம் எங்க போயிரப் போவுது. ஒரு வருசம் கழிச்சுப் படி. இப்ப என்ன அவசரம்?"

"ஒரு வருசம் காத்திருக்க முடியாது மதினி."

"ஏன்?"

எழுந்து அறைக்கு வந்துவிட்டேன். சாப்பிடவில்லை. பட்டினி கிடக்கிறேன் என்று எல்லோருக்கும் ஒரு திருப்தி, இப்போதுதான் முறையாகத் துக்கப்படுகிறேனாம்.

ஆனி 11, புதன்

மழை. நல்ல மழை.

நாளை விட்டால் வெள்ளி, லைப்ரரி லீவு. பதினாறாம் நாள் செவ்வாய். அன்று அவருக்கு இலை போடுவார்கள். அவர் இலை முன்னால் உட்கார்ந்து நான் கதை சொல்லாத நாள் ஞாபகத்தில் இல்லை, காய்ச்சலில் கிடந்த நாளிலும் கட்டிலில் இருந்தே சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

ஆதார் கார்டு: பீரோ, நடுத்தட்டு. போட்டோ இரண்டு. குடை.

ஆனி 12, வியாழன்

போனேன்.

மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு நழுவலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அது கேவலமாகப் பட்டது. நான் என்ன திருடப் போகிறேனா? ஹாலில் எல்லோரும் இருக்கும்போதே சேலை மாற்றி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன்.

"எங்கட்டி கிளம்புத?" கோ.மதினி.

"லைப்ரரிக்கு."

"பதினாறு கழியாம வாசப்படி தாண்டக்கூடாது. பெறவும் முதல்ல கோயிலுக்குத்தான் போவணும். ஏ குமாரு, ஒங்க அம்மைக்கு புத்தி கித்தி…"

குமார் வாசலில் வந்து நின்றான். "வேணாம்மா. நான் போய் வேற புக்கு வாங்கிட்டு வாரேன். எத்தன வேணும்?"

"வேற வேண்டாம். தள்ளு."

தள்ளி நின்றான். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.

லைப்ரரி. இத்தனை வருஷம் அங்கிருந்து வந்த புத்தகத்தைப் படித்தவள், உள்ளே போனது இன்றுதான். நான் நினைத்ததைவிடச் சின்னது. சுவரில் ஓதம். பேப்பர் மேஜையைச் சுற்றி ஆண்கள்.

"காசி அண்ணாச்சி சம்சாரம்லா?"

"இன்னும் பதினாறு கழியலையே வே."

"அதான் பாக்கேன்."

கேட்கட்டும் என்றுதான் பேசினார்கள். நானும் கேட்கட்டும் என்று செருப்புச் சத்தத்தோடு நடந்தேன்.

நூலகர் சின்ன வயசுப் பெண். விஷயத்தைச் சொன்னேன். பேர் தெரியாத புத்தகம், ரைஸ் மில் கதை, தலைப்புப் பக்கம் கிடையாது. அவள் முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி வீட்டு அம்மாவா? வருவாங்க, பின்னாடி ஸ்லிப்பத்தான் பாப்பாங்க. கதைப் பேரைக் கேட்டா 'அது வீட்டுல பாத்துக்கிடும்'பாங்க." பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் புக்கு ரொம்ப மோசமா இருந்துச்சும்மா. கழிவுல போட்டுட்டேன். அந்த மாதிரிப் புக்கையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிருவோம். வெளிய குடுக்க முடியாது."

"வெளிய குடுக்க வேண்டாம். எங்க இருக்கு?"

பின்னறை. கிழிந்ததும் பூஞ்சை பிடித்ததுமாக ஒரு குவியல். எல்லாம் ஒரே பழுப்பு பைண்டிங். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தலைப்பு இல்லாதவை நிறைய. படித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இருட்டிவிடும். எனக்கு அப்போதுதான் தோன்றியது. கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்தேன், ஒவ்வொன்றாக. ஒன்றில், முத்திரைச் சீட்டுக்குப் பக்கத்தில், பழுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். மோந்து பார்த்தேன். வார்னிஷ்.

அந்தப் பெண் ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து ஜன்னல் ஓரம் போட்டாள்.

படித்தேன். பேப்பர் மேஜையில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கதவைச் சாத்தும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முடித்தேன்.

முடிவை இங்கே எழுதவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்.

புது மெம்பர் கார்டுக்கு எழுதிக் கொடுத்தேன், என் பேரில். "அடுத்த வாரம் சனிக்கிழமை வந்து வாங்கிக்கோங்கம்மா" என்றாள்.

ஆனி 14, சனி

கோ.மதினி என்னோடு பேசுவதில்லை. எனக்குக் காபி மட்டும் வருகிறது, டம்ளரை வைக்கும் சத்தமே பேச்சு. செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டதாம். பண்பொழிக்காரர் போனில் குமாரிடம் துக்கம் விசாரித்தாராம், மறுபடியும். இந்தத் தடவை எனக்காக.

சாயந்தரம் குமார் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தான்.

"கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுது."

"முடிச்சுட்டியா?"

"ம்."

"என்ன கதை?"

சின்ன வயதில் இதே குரலில்தான் கேட்பான். ஆனாலும் சொல்லவில்லை. "செவ்வாய்க்கிழமை பெறவு சொல்லுதேன்" என்றேன். என்னையே பார்த்தான். புரிந்ததோ என்னவோ, எழுந்து போய்க் கொடியை இறுக்கிக் கட்டினான்.

ஆனி 17, செவ்வாய்

விடிந்ததில் இருந்து தூறல். சமையல்காரர்கள் அடுப்புக்கு மேல் தார்ப்பாய். ஐயர் தாமதம். கூட்டம் அதிகம். என்னைப் பார்க்க வந்த கூட்டமும் அதில் உண்டு.

சடங்கெல்லாம் முடிந்து அறையில் படையல். தலைவாழை இலை, அவருக்குப் பிடித்தது எல்லாம்: சொதி, இஞ்சித் துவையல், கூட்டு, தேங்காய்ப் பால் பாயசம், அப்பளம் இரண்டு. சூடம் காட்டியாயிற்று. இனி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போக வேண்டும். அவர் வந்து சாப்பிடுவார் என்று வழக்கம்.

எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை.

"வெளிய வாட்டி" என்றாள் கோ.மதினி. இத்தனை நாளில் முதல் பேச்சு. "உள்ள ஆள் இருந்தா வரமாட்டான்."

"நான் இல்லாம அவுக எந்தச் சாப்பாட்டையும் சாப்பிட்டதில்ல மதினி. நான் இல்லாட்டித்தான் வரமாட்டாக."

கதவை நானே சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன்.

இலைக்கு எதிரே உட்கார்ந்தேன். எங்கே விட்டேனோ அங்கிருந்து ஆரம்பித்தேன். ஊர் முழுக்க மில்லில் வந்து நிற்கிறது. அண்ணன்மார் எடைக்காரரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார்கள். தங்கம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுகிறாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. கை உரிந்துவிட்டது. புகை வருகிறது, இருமுகிறது, நிற்கிறது.

இந்த இடத்தில் இலையை ஒரு தடவை பார்த்தேன். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம். இன்றைக்கு ஒரு நாள். யாருக்குத் தெரியும்?

அவருக்குத் தெரிந்துவிடும். நான் மாற்றமாட்டேன் என்று நம்பித்தான் இத்தனை வருஷம் சண்டை போட்டார்.

"ஓடல" என்றேன். "கடைசி வரைக்கும் ஓடல. பந்தயம் எனக்குத்தான். ஆனா அவ அத விக்கல. எடைக்காரரத் திருப்பி அனுப்பிட்டா. ஓடாத இன்ஜின எதுக்குட்டி வச்சிருக்கன்னு அண்ணன் கேக்கான். என்னோடது, வச்சிருக்கேன்னு சொல்லிட்டு மில்லப் பூட்டி சாவிய இடுப்புல செருகிக்கிட்டா. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு."

மழை கேட்டது. இலையில் பாயசம் ஆடை கட்டியிருந்தது.

"நாசில யாரும் கழட்டிப் பாக்கல. நீங்க சொன்னது சரிதான், எழுதினவருக்கு இன்ஜின் தெரியல. பேர் தெரியாது, விசாரிச்சுக்கோங்க. இவ்வளவு பழைய புத்தகம், ஆளு அங்கனதான் இருப்பாரு. நேராவே கேட்டுருங்க."

பிறகு அழுதேன். சத்தமாகவே. வெளியே கேட்டிருக்கும், கேட்கட்டும்.

கதவைத் திறந்தேன். வாசலை ஒட்டியே கோ.மதினி. கண் சிவந்திருந்தது.

"உள்ள என்னட்டி பேசிட்டு இருந்த?"

"கதை."

உள்ளே எட்டி இலையைப் பார்த்தாள். அப்பளம் நமத்துப் போயிருந்தது.

சனிக்கிழமை கார்டு வாங்க வேண்டும். சீட்டு காலியாகக் கிடக்கும் புத்தகம் ஒன்று.